கொடுத்தவர் யார், கொடுத்தது எவ்வளவு?
(திறமூல மென்பொருளும் வெளியார் நிரலும் குறித்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒருவர் மென்பொருள் ஒன்றை எழுதி, அதன் மூல நிரலை எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் வைக்கிறார். முன்பின் தெரியாத இன்னொருவர் அதில் ஒரு பிழையைக் கண்டு, முப்பது வரியில் திருத்தம் எழுதி அனுப்புகிறார். முதலாமவர் ஓட்டிப் பார்க்கிறார். சரியாக இருக்கிறது. நன்றி சொல்லிச் சேர்த்துக்கொள்கிறார். திறமூல உலகம் முழுக்க இந்த வேலையின் மேல்தான் நிற்கிறது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் சட்டப்படி என்ன நடந்தது என்று கேட்டால், கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்திருக்கிறது. எழுதி முடித்த கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. எங்கும் பதிய வேண்டியதில்லை, முத்திரை குத்த வேண்டியதில்லை. பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த எல்லா நாடுகளிலும் இதே நிலைதான். ஆகவே அந்த முப்பது வரிகள் அனுப்பியவருடைய சொத்து. அனுப்பினார் என்பதாலேயே அது திட்டத்தின் சொத்தாகிவிடாது. உரிமையை மாற்றிக் கொடுக்க வேண்டுமென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தும் இருக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

அனுப்பியவருடைய சொத்து என்று சொன்னேன். அதுவும் எப்போதும் உண்மையல்ல. வேலையின் பகுதியாக ஊழியர் எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, முதல் உரிமையாளர் நிறுவனம்தான். இது 17ஆம் பிரிவு. இங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர்களில் பலர் மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள். வேலையில் சேர்ந்த நாளில் கையெழுத்துப் போட்ட தாள்களை எத்தனை பேர் முழுக்கப் படித்தீர்கள்? ஓய்வு நேரத்தில் எழுதியதும் எங்களுடையதே என்று சொல்லும் ஒப்பந்தங்கள் உண்டு. அப்படி ஒன்றில் கையெழுத்துப் போட்டவர் நல்லெண்ணத்தோடு ஒரு திருத்தம் அனுப்பினால், தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை அவர் தானம் செய்கிறார்.

ஒரு மனை வாங்கப் போனால் நாம் என்ன செய்வோம்? மூலப்பத்திரம் கேட்போம், வில்லங்கச் சான்று எடுப்போம். விற்கிறவருக்கு விற்க உரிமை உண்டா, எவ்வளவு பாகம் விற்கிறார் என்று பார்த்த பிறகே பணம் கைமாறும். நிரல் விஷயத்திலும் கேள்விகள் இந்த இரண்டுதான். கொடுத்தவருக்குக் கொடுக்க உரிமை உண்டா? எவ்வளவு உரிமையைக் கொடுத்தார்? முதல் கேள்வியைத் திறமூல உலகம் ஒரு வழக்கில் அடிபட்டுக் கற்றுக்கொண்டது. இரண்டாவதை இன்னும் முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பது என் கருத்து.

முதல் கேள்விக்கு வருகிறேன். 2003 மார்ச்சில் எஸ்சிஓ என்ற அமெரிக்க நிறுவனம் ஐபிஎம் மீது வழக்குத் தொடர்ந்தது. தனக்குச் சொந்தமான யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் நிரலை ஐபிஎம் எடுத்து லினக்ஸில் சேர்த்துவிட்டது என்பது குற்றச்சாட்டு. நூறு கோடி டாலர் இழப்பீடு கேட்டது. லினக்ஸ் பயன்படுத்தும் பெரிய நிறுவனங்கள் ஏறத்தாழ 1,500க்கு எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பியது. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பல நாட்டவர் அனுப்பிய திருத்தங்களால் வளர்ந்த மென்பொருள் லினக்ஸ். எந்த வரி யார் கையிலிருந்து வந்தது என்று எவராவது கேட்டால் பழைய மின்னஞ்சல்களைத் துழாவித்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த வழக்கு எப்படி முடிந்தது தெரியுமா? வழக்குப் போட்ட நிறுவனத்திடமே யூனிக்ஸின் பதிப்புரிமை இல்லை, அது நோவெல் நிறுவனத்திடம் இருக்கிறது என்று 2007இல் நீதிபதி சொன்னார், 2010இல் ஜூரியும் சொன்னது. அதற்குள் எஸ்சிஓ திவாலாகிவிட்டது. இருந்தும் வழக்கு இழுத்துக்கொண்டே போய், 2021இல் ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகையில் சமரசமாக முடிந்தது. பதினெட்டு ஆண்டு! சொத்து என்னுடையது என்று சத்தம் போட்டவரிடமே பத்திரம் இல்லை.

லினக்ஸ்காரர்கள் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. 2004 மே மாதம், லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு எளிய முறையை முன்வைத்தார். திருத்தம் அனுப்பும் ஒவ்வொருவரும் அதன் அடியில் தன் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் போட்டு ‘சைன்டு ஆஃப் பை’ என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியின் பொருள் என்ன என்று ஒரு பக்கத்துக்குள் அடங்கும் சான்று விளக்குகிறது. டிசிஓ என்பார்கள். அதில் எழுதியவர் சொல்வது இவ்வளவுதான்: இதை நான் எழுதினேன், இந்த உரிமத்தின் கீழ் கொடுக்க எனக்கு உரிமை உண்டு, அல்லது, பொருத்தமான திறமூல உரிமத்தில் ஏற்கெனவே இருந்ததிலிருந்து எடுத்தேன், அல்லது, இப்படியே சான்று சொன்ன இன்னொருவர் என்னிடம் தந்தார், நான் மாற்றவில்லை. கடைசியாக, இந்தப் பதிவு பொதுவில் நிரந்தரமாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

இதில் வக்கீல் இல்லை, முத்திரைத்தாள் இல்லை. திருத்தம் பராமரிப்பாளர்கள் கைமாறி மேலே போகும்போது ஒவ்வொருவரும் தன் பெயரை அடியில் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். இருபது ஆண்டு கழித்து ஒருவர் கேட்டாலும், யார் எழுதியது, யார் வழியாக வந்தது என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். முறை பெயரைக் கேட்கிறதே தவிர ஆதாரத்தைக் கேட்கவில்லை, பொய் சொல்பவரை இது தடுக்குமா என்று கேட்கலாம். தடுக்காது. ஆனால் வாங்கிய திட்டம் நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டது என்பதற்குச் சாட்சியாக நிற்கும். அதைவிடப் பெரிய பயன், அனுப்புகிறவரை ஒரு நொடி நிறுத்தி, ‘இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டா?’ என்று யோசிக்க வைக்கிறது.

யோசிக்க வேண்டிய காரணம் இருக்கிறது. இணையத்தில் கண்ணுக்குத் தெரியும் நிரலெல்லாம் எடுத்துக்கொள்ளத் தக்கதல்ல. உரிமக் கோப்பே இல்லாத திட்டத்தைப் பார்த்து ‘யாரும் எடுக்கலாம் போலிருக்கிறது’ என்று நினைப்போர் பலர். உண்மை நேர் எதிர். உரிமம் சொல்லப்படாவிட்டால் எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேள்வி கேட்டு வாங்கும் பதில்களிலுள்ள நிரலுக்குக்கூட கிரியேட்டிவ் காமன்ஸின் ‘பெயர் குறிப்பிடு, இதே உரிமத்தில் பகிர்’ என்ற நிபந்தனை உண்டு. எம்ஐடி என்ற தளர்வான உரிமத்தில் இருக்கும் ஒரு திட்டத்தில் அதை அப்படியே ஒட்டிவிட்டால் பொருந்தாது. ஜிபிஎல் என்பது, மாற்றி விநியோகிப்பவரும் அதே உரிமத்தில் மூலத்தைத் தர வேண்டும் என்று சொல்லும் உரிமம். அப்பாச்சி 2.0 உரிம நிரலை ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில் உள்ள திட்டத்தில் சேர்க்கலாம். இரண்டாம் பதிப்பு மட்டும் என்று சொல்லும் திட்டத்தில் சேர்க்கலாகாது என்பது ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு.

உரிமத்தில் எழுதாமல் விட்டதும் வினை செய்யும். ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் ஐபிஃபில்டர் என்றொரு தீயரண் நிரல் இருந்தது. அதைப் பயன்படுத்தலாம், விநியோகிக்கலாம் என்று அதன் உரிமம் சொன்னது. மாற்றி விநியோகிக்கலாம் என்று சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் தங்கள் தேவைக்கு மாற்றிக்கொண்டே வந்தார்கள். 2001இல் அதை எழுதியவர், மாற்றியதை விநியோகிக்க அனுமதி தரவில்லை என்று தெளிவுபடுத்தினார். அந்த மே மாதமே நிரல் முழுதும் தூக்கி எறியப்பட்டது. பாதுகாப்புக்குப் பெயர் பெற்ற இயங்குதளம் ஒன்று சில வாரம் தீயரண் இல்லாமல் நின்றது. டேனியல் ஹார்ட்மையர் என்பவர் முதல் வரியிலிருந்து புதிதாக எழுதிய பிஎஃப், அந்த ஆண்டு டிசம்பரில் ஓபன்பிஎஸ்டி 3.0 உடன் வெளிவந்தது. பிஎஃப் இன்று பல இயங்குதளங்களில் ஓடுகிறது. எல்லாத் திட்டத்துக்கும் அப்படி ஒரு ஹார்ட்மையர் கிடைப்பாரா?

இன்னொன்று சிரிக்க வைக்கும். டக்ளஸ் கிராக்ஃபோர்டு என்ற நிரலாளர், ஜேசன் என்ற தரவு வடிவத்துக்காகத் தான் எழுதிய நிரல்களின் உரிமத்தில், இதை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல என்று ஒரு நிபந்தனை வைத்தார். நல்ல எண்ணம்தானே என்று தோன்றும். எது நன்மை என்று எந்த நீதிமன்றம் சொல்லும்? அப்பாச்சி அறக்கட்டளை 2016இல் அந்த உரிமத்தைத் தன் திட்டங்களில் சேர்க்கக் கூடாதவற்றின் பட்டியலில் வைத்தது.

‘இலவசமாகக் கொடுத்ததற்கு நிபந்தனை என்ன, வழக்கு என்ன’ என்று கேட்பவர்களுக்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. பொம்மை ரயில்களைக் கணினியால் இயக்கும் ஜேஎம்ஆர்ஐ என்ற திறமூல மென்பொருளிலிருந்து ஒரு வணிக நிறுவனம் கோப்புகளை எடுத்து, எழுதியவர் பெயரை நீக்கிப் பயன்படுத்தியது. திட்டத்தை நடத்திய ஜேக்கப்சன் என்ற இயற்பியலாளர் வழக்குப் போட்டார். 2008இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், திறந்த உரிமத்தின் நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகும் என்றது. பணம் வாங்காததால் உரிமை கரைந்துபோவதில்லை.

இனி இரண்டாம் கேள்வி. கொடுத்தவர் எவ்வளவு கொடுத்தார்?

வழக்கத்தில் மூன்று முறைகள் உண்டு. முதலாவது, திட்டம் எந்த உரிமத்தில் வெளியே போகிறதோ அதே உரிமத்தில் திருத்தமும் உள்ளே வருவது. சொத்து எழுதியவரிடமே இருக்கும். நிரல் பகிரும் கிட்ஹப் தளத்தின் விதிமுறைகளும், வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் இப்படித்தான் என்று சொல்கின்றன. இரண்டாவது, பங்களிப்பாளர் ஒப்பந்தம், சுருக்கமாக சிஎல்ஏ. சொத்து எழுதியவரிடம் இருந்தாலும், அதை வேண்டிய உரிமத்தில் வெளியிடும் அதிகாரத்தைத் திட்டத்தை நடத்துபவருக்கு எழுதிக் கொடுப்பது. மூன்றாவது, பதிப்புரிமையையே எழுதிக் கொடுத்துவிடுவது.

மூன்றாவது முறையை நெடுங்காலம் கடைப்பிடித்தது ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை. அதன் ஈமேக்ஸ், ஜிசிசி போன்ற மென்பொருள்களில் ஏறத்தாழ பதினைந்து வரிக்கு மேல் எழுதியவர் அறக்கட்டளைக்கு உரிமையை எழுதித் தர வேண்டும், அவருடைய நிறுவனமும் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்திட வேண்டும். மீறுபவர் மேல் வழக்குப் போட ஒரே உரிமையாளர் இருப்பது வசதி என்பது காரணம். வசதி இருந்தது, விலையும் இருந்தது. தாள் வந்து சேரும்வரை திருத்தம் காத்துக்கிடந்தது. எக்ஸ்ஈமேக்ஸ் என்ற கிளையில் எழுதப்பட்ட நல்ல நிரலை, எழுதித் தந்த தாள் இல்லாததால் ஈமேக்ஸில் சேர்க்க முடியவில்லை. 2021 ஜூனில் ஜிசிசி இந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. எழுதித் தர விரும்பாதவர் டிசிஓ சான்றோடு கொடுத்தால் போதும் என்றது.

முதல் முறையில் சொத்து நூறு பேரிடம், ஆயிரம் பேரிடம் சிதறிக் கிடக்கும். கூட்டுப்பட்டா போலத்தான். உரிமத்தை மாற்ற வேண்டுமென்றால் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். இந்தச் சிரமத்துக்கு விஎல்சி நல்ல சாட்சி. பாரிஸில் மாணவர்கள் தொடங்கி, 2001இல் ஜிபிஎல் உரிமத்துக்கு வந்த ஊடக இயக்கி அது. ஐபோன் செயலியாக ஆப்பிளின் கடையில் வந்தபோது, கடையின் விதிகள் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகவில்லை என்று பங்களிப்பாளர் ஒருவர் புகார் கொடுத்தார். 2011 ஜனவரியில் செயலி நீக்கப்பட்டது. ஒருவர் போதும், கவனியுங்கள். பிறகு மையப் பகுதியை எல்ஜிபிஎல் என்ற தளர்வான உரிமத்துக்கு மாற்ற முடிவெடுத்து, நிரல் எழுதிய நூற்றுக்கணக்கானோரைத் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்கினார்கள். மையப் பகுதி 2011 இறுதியிலும், துணைப் பகுதிகளில் பெரும்பாலானவை 2012 நவம்பரிலும் மாறின. 2013 ஜூலையில் செயலி கடைக்குத் திரும்பியது.

ஓபன்எஸ்எஸ்எல் கதை இன்னும் நீண்டது. இணைய உரையாடலை மறையாக்கும் நூலகம் அது. தொண்ணூறுகளிலிருந்து அதற்கென்று இருந்த தனி உரிமம், ஜிபிஎல்லோடு பொருந்தாத விளம்பர நிபந்தனை கொண்டது. அதை அப்பாச்சி 2.0க்கு மாற்றப்போவதாக 2017 மார்ச்சில் அறிவித்து, 400 பேர் அளவில் பங்களிப்பாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். பதில் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்வோம் என்று அதில் இருந்தது. கொந்தளிப்பு எழுந்தது. ஓபன்பிஎஸ்டியின் தியோ டி ராட் கடுமையாக எதிர்த்தார். எழுத்தில் வாங்க வேண்டிய சம்மதத்தை மௌனத்தில் வாங்கலாமா? ஓராண்டு கழித்தும் கண்டுபிடிக்க முடியாமல் எஞ்சியவர்களைத் தேடி வேண்டுகோள் விட்டுக்கொண்டிருந்தார்கள். புதிய உரிமத்தோடு 3.0 பதிப்பு வெளிவந்தது 2021 செப்டம்பரில்.

இவற்றைக் கேட்டால், ஆரம்பத்திலேயே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி உரிமையை ஓரிடத்தில் குவித்திருக்கலாமே என்று தோன்றும். பல வக்கீல்கள் சொல்லும் அறிவுரையும் அதுதான். நான் இங்கே மாறுபடுகிறேன். குவித்தவர்கள் என்ன செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

மாங்கோடிபி தரவுத்தளம் ஏஜிபிஎல் உரிமத்தில் இருந்தது. மாற்றிப் பயன்படுத்துபவரும் அதே உரிமத்தில் மூலத்தைத் தர வேண்டும் என்று சொல்லும், மிகக் கட்டுப்பாடான திறமூல உரிமம் அது. வெளியார் திருத்தங்கள் அந்த உரிமத்தில் மட்டும் வந்திருந்தால், நிறுவனம் நினைத்தாலும் அவர்கள் சம்மதமின்றி மாற்றியிருக்க முடியாது. ஆனால் நிறுவனம் முன்பே பங்களிப்பாளர் ஒப்பந்தம் வாங்கி வைத்திருந்தது. 2018 அக்டோபரில் எஸ்எஸ்பிஎல் என்ற சொந்த உரிமத்துக்கு ஒரே நாளில் மாறியது. அது திறமூல உரிமமே அல்ல என்கிறது திறமூல முனைப்பு அமைப்பான ஓஎஸ்ஐ. எலாஸ்டிக் நிறுவனம் 2021இல் அதே பாதையில் போனது. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் நிறுவனம், டெர்ராஃபார்ம் என்ற தன் மென்பொருளை மோசில்லா உரிமத்திலிருந்து வணிகத் தடை கொண்ட உரிமத்துக்கு மாற்றியது. மனம் வெறுத்த பயனாளர்கள் பழைய பதிப்பிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற கிளையைத் தொடங்கினார்கள். அது லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் போய்ச் சேர்ந்தது.

விஎல்சிக்கு இரண்டாண்டு, ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு நான்காண்டு எடுத்த காரியம், இங்கே ஒரே அறிவிப்பில் முடிந்தது. அந்தச் சிரமத்தைத்தான் குறை என்கிறார்கள். என் பார்வையில் அது பாதுகாப்பு. லினக்ஸைப் பாருங்கள். கணக்கற்றோரின் நிரல், கணக்கற்றோரின் உரிமை. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு 2007இல் வந்தது. லினக்ஸ் இன்றும் இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறது. டோர்வால்ட்ஸுக்கு மூன்றாம் பதிப்பு பிடிக்கவில்லை என்பது ஒரு காரணம். பிடித்திருந்தாலும் அவரால் தனியாக மாற்றியிருக்க முடியாது என்பது இன்னொன்று. அவராலேயே முடியாது என்றால், எந்த நிறுவனம் அதை வாங்கி மூட முடியும்?

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிஎஸ்டி, எம்ஐடி போன்ற தளர்வான உரிமங்களில் இந்தப் பாதுகாப்பு மெலிந்தது. ரெடிஸ் என்ற தரவுத்தளம் பிஎஸ்டி உரிமத்தில் இருந்ததால், 2024 மார்ச்சில் அதன் நிறுவனம் புதிய பதிப்புகளை மூடிய உரிமத்துக்கு மாற்ற அந்த உரிமமே இடம் கொடுத்தது. அதே இடம் எதிர்த்தவர்களுக்கும் இருந்தது. சில நாளில் வால்கீ என்ற கிளை பிறந்தது. அடுத்த ஆண்டு ரெடிஸ் ஏஜிபிஎல்லையும் ஒரு தெரிவாக வைத்துத் திறமூலத்துக்குத் திரும்பியது. கையெழுத்து வாங்கும் அமைப்புகள் எல்லாமே தீயவை என்றும் சொல்ல மாட்டேன். அப்பாச்சி அறக்கட்டளையும் பங்களிப்பாளர் ஒப்பந்தம் வாங்குகிறது. அது இலாப நோக்கற்றது, பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. உரிமை யாரிடம் குவிகிறது, அவரைக் கட்டுப்படுத்துவது எது என்று கேட்க வேண்டும். கிட்லேப் வணிக நிறுவனம்தான். ஆனால் டெபியன், குனோம் என்ற திறமூலத் திட்டத்தார் அதன் ஒப்பந்தத்துக்குத் தயங்கியதைப் பார்த்து, 2017இல் ஒப்பந்தத்தைக் கைவிட்டு டிசிஓவுக்கு மாறியது.

அண்மைக் காலத்தில் முதல் கேள்வி புது வடிவில் திரும்பி வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கிய நிரலை ஒருவர் அனுப்புகிறார். ‘இதை நான் எழுதினேன், கொடுக்க உரிமை உண்டு’ என்று அவர் சான்று சொல்ல முடியுமா? அந்த இயந்திரம் யார் நிரலைப் படித்துக் கற்றது, எதை நினைவிலிருந்து கக்கியது என்று அவருக்கே தெரியாதே! ஜென்டூ என்ற திறமூலத் திட்டம் 2024 ஏப்ரலில் அத்தகைய நிரலை ஏற்க மறுத்தது. மே மாதம் நெட்பிஎஸ்டி இயங்குதளத் திட்டம், முன் அனுமதி இல்லாமல் சேர்க்கக் கூடாது என்றது. 2025இல் கியூஈஎம்யூ திட்டம் டிசிஓ சான்றையே காரணமாகச் சொல்லி மறுத்தது. இந்த முடிவுகள் நாளை மாறலாம். ஆனால் தெரியாத ஒன்றுக்குச் சான்று சொல்லாதே என்ற நியாயம் மாறாது.

இங்கே திட்டம் நடத்துகிறவர்களும் நடத்த நினைப்பவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. முதல் நாளே உரிமக் கோப்பை வையுங்கள். வரும் திருத்தமும் அதே உரிமத்தில்தான் வரும் என்று ஒரு வரி எழுதுங்கள். பதிவாகும் ஒவ்வொரு மாற்றத்திலும் (கமிட்) டிசிஓ கையொப்பம் கேளுங்கள், மாற்றங்களைப் பதியும் கிட் கருவியின் கட்டளையில் ஒரே ஒரு எழுத்துச் சேர்த்தால் அது தானே விழும். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் உரிமத்தின் பெயரை எஸ்பிடிஎக்ஸ் என்ற சீரான உரிமக் குறியீட்டில் எழுதுங்கள். லினக்ஸ் இதைத் தள்ளிப்போட்டு, 2017இல் உரிமம் குறிப்பிடாத பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளுக்கு மொத்தமாகச் சேர்க்க வேண்டியிருந்தது. வெளியிலிருந்து எடுத்த நூலகங்களைத் தனி அடைவில், அவற்றின் உரிமத்தோடும் எழுதியவர் பெயரோடும் வையுங்கள். உரிமையை உங்கள் பெயருக்குக் குவித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் நல்லவராகவே இருக்கலாம். நாளை உங்கள் நிறுவனத்தை வாங்குகிறவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது.

பங்களிக்கிறவர்களுக்கு ஒன்று. வேலை ஒப்பந்தத்தை இன்று இரவே எடுத்துப் படியுங்கள். தேவையானால் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். திட்டம் சிஎல்ஏவில் கையெழுத்துக் கேட்டால், உங்கள் நிரலை வேறு உரிமத்தில் வெளியிடும் அதிகாரம் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் மறுக்க வேண்டும் என்பதில்லை. தெரிந்து கொடுங்கள்.

ஒரு திட்டத்தின் உரிமக் கோப்பைப் படித்ததும் இது என்றும் திறந்தே இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். அந்தக் கோப்பு இன்றைய நிலையை மட்டுமே சொல்லும். நாளைக்கு உரிமத்தை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது, பங்களிப்பவரிடம் அந்தத் திட்டம் கேட்கும் கையெழுத்தில் இருக்கிறது. இரண்டையும் படித்த பிறகு உங்கள் உழைப்பைக் கொடுங்கள்.